நாற்பத்தேழு வளையம்

“ஒருத்தர்கிட்டயும் சொல்லலைங்கம்மா,” என்றான் கோமதிநாயகம். “ஒரு ஈ காக்காகிட்டகூட வாயத் திறக்கல.”

கோவில்பட்டிப் பக்கம் வேன் ஓட்டுகிற யாராவது அந்த நேரம் கோர்ட்டில் இருந்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். நாயகமாவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது! காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், இருபத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போய் வருகிறவன். அவனுடைய பழைய டீசல் வேனில் பாட்டுப் பெட்டி வேலை செய்யாது. யாரும் அதைச் சரி செய்யச் சொன்னதும் இல்லை, நாயகம் கதை சொல்வான் என்பதால். பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனதைக்கூட நாலு நாள் இழுத்துச் சொல்வான். முன் சீட்டில் உட்கார அவர்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். முறையை அடிக்கடி மீறுகிறவள் மாரிக்கனி. “அண்ணே, கோழி கிடைச்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லிட்டு கியரப் போடு,” என்பாள்.

அந்த மாரிக்கனி உட்பட ஏழு பேர் போன வருஷம் பேட்டரி கம்பெனித் தீயில் செத்துப்போனார்கள். ஏழு பேரும் அவன் வேனில் போனவர்கள். பின்வாசல் ஷட்டர் பூட்டியிருந்ததா இல்லையா என்பதுதான் கேஸ். எப்போதும் திறந்துதான் இருக்கும் என்றது கம்பெனி. தீ அணைந்தபோது ஷட்டர் உருகிச் சரிந்து கிடந்தது, பூட்டு எதுவும் அகப்படவில்லை. அந்த நேரம் பின்வாசலில் இருந்தது ஒரே ஒரு ஆள், வேனோடு நின்ற நாயகம். அதே கம்பெனிக்கு அடுத்த ஊரில் இன்னொரு கூடம் இருக்கிறது. அங்கே இருநூறு பெண்கள் இன்றைக்கும் வேலை செய்கிறார்கள், ஷட்டருக்கு உள்ளே.

நீதிபதி அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தொப்பிக்காரப் பெண்ணைப் பார்த்தார். தொப்பி என்பது ஜனங்கள் வைத்த பெயர். தலையில் மாட்டினால், ஆள் நினைப்பது திரையில் ஓடும். அதை இயக்குகிற ரெஜினாதான் தீ நடந்த மறுநாள் போலீஸோடு நாயகம் வீட்டுக்கு வந்து அத்தனை தூரம் சொல்லிவிட்டுப் போனவள்.

“அண்ணே, நம்ம மண்டைக்குள்ள இருக்கிறது போட்டோ இல்ல,” என்று சொல்லியிருந்தாள் அன்றைக்கு. “நடந்ததை எடுத்து ஒருத்தர்கிட்டச் சொல்றப்ப அது இளகிருது. சொல்லி முடிச்சதும் திரும்ப இறுகும். ஆனா நீங்க எப்படிச் சொன்னீங்களோ அப்படித்தான் இறுகும்.”

“நான் பொய் சொல்லாட்டி சரிதானம்மா?”

“பொய்யே வேண்டாம். கேக்கிறவங்க உச்சுக் கொட்டணும்னு ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலே போதும். ஊறுகாய் ஜாடியில ஈரக் கை படுற மாதிரிதான். அதனாலதான் சொல்லாத நினைவை மட்டும் சாட்சியா எடுத்துக்கணும்னு சட்டம்.”

“இப்பவே தொப்பிய வச்சு எடுத்திரும்மா. எனக்கு வாய் சும்மா இருக்காது.”

“ரெண்டு பக்க வக்கீலும் இருக்கிறப்ப, கோர்ட்லதான் எடுக்கணும். முறை வர ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுக்காரம்மாகிட்டகூடப் பேசிராதீங்க.”

அந்த ஒரு வருஷம்தான் இன்றைக்கு முடிந்திருந்தது.

ரெஜினா அவன் தலையில் தொப்பியை மாட்டினாள், திரையில் ஷட்டர் வந்தது. புகை. உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். வேனிலிருந்து நாயகம் குதிக்கிறான், ஓடுகிறான், பழுக்கக் காய்ந்த ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மூச்சைப் பிடித்துத் தூக்குகிறான். ஒரு சாண் எழும்புகிறது. அந்தச் சந்து வழியாக ஒரு கை வருகிறது, பச்சைக் கண்ணாடி வளையலோடு. அவன் பிடித்துக்கொள்கிறான். “அண்ணே, அம்மாவப் பாத்துக்கோங்க,” என்கிறது மாரிக்கனியின் குரல். பிறகு அந்தக் கை நழுவுகிறது. கோர்ட்டில் பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முன்வரிசையில் மாரிக்கனியின் தாய் முப்பிடாதி மட்டும் திரையைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வக்கீல் மெதுவாக எழுந்தார். நல்ல தன்மையான மனுஷர், குரலை உயர்த்தவே இல்லை.

“அம்மா, ஷட்டர் ஒரு சாண் எழும்புறதை எல்லாரும் பாத்தோம். ரெண்டு பக்கமும் தரையில பூட்டுப் போட்ட ஷட்டர் ஒரு நூலாவது எழும்புமா? பூட்டு இல்லைங்கிறதை அவங்க சாட்சியே காட்டிட்டார். எங்களுக்குக் கேள்வி எதுவும் இல்லை.”

நாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறான் அந்த ஷட்டரை, அப்படித் தூக்கினால் என்ன அர்த்தம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

“வளையம் எத்தனைம்மா?” என்று ரெஜினாவைக் கேட்டார் நீதிபதி. ஒரு நினைவை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதைச் சுற்றி ஒரு வளையம் விழும். அதை எண்ணுவது தொப்பியின் இன்னொரு வேலை.

ரெஜினா நாயகத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “நாற்பத்தேழு.”

ஈ காக்கா என்று சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது, அதை மூட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. ஏழு வீட்டுக்காரர்களும் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காது மடல் இரண்டும் கொதித்தன.

“நாற்பத்தேழு தடவை சொன்ன நினைவைச் சாட்சியா எடுக்க முடியாது,” என்றார் நீதிபதி.

“எடுத்தாலும் சரி, தள்ளினாலும் சரிங்கம்மா,” என்றார் கம்பெனி வக்கீல். “பூட்டைப் பாத்த ஆள் வேற யாரும் இல்லை.”

“ஒரு விஷயம்,” என்றாள் ரெஜினா. “தட்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்ச இடத்துல இருந்து நாலு நிமிஷம் ஒரு துண்டு தனியாக் கிடக்கு. அதுல வளையமே இல்லை. சாட்சி அதுக்குள்ள போகாம விலகி விலகி வர்றார். அவரா சம்மதிச்சாத்தான் திறக்க முடியும்.”

நீதிபதி அவனைப் பார்த்தார். அவன் கூண்டின் கட்டையில் ஒட்டியிருந்த பழைய பசையை நகத்தால் சுரண்டினான். மதியம் இரண்டு மணிக்குப் பதில் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்தார் நீதிபதி.

வெளியே வந்ததும் பெண்கள் தரப்பு வக்கீல் இசக்கியப்பன் பிடித்துக்கொண்டார். “நாற்பத்தேழு தடவையாய்யா? கணக்கா வாரத்துக்கு ஒண்ணா? உனக்கெல்லாம் வாயா, வாய்க்காலா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நாயகம் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் வேனில் வந்த பெண்கள் எதிரே சோறு பிரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

அவன் எந்த ஷட்டரையும் தூக்கவில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரியும் என்றால், பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் தெரிகிற மாதிரி ஒரு வரியாகத் தெரியும். கண்ணை மூடினால் வருவதென்னவோ தூக்கினதுதான். முதல் தடவை சொன்னது மூன்றாம் நாள், முப்பிடாதி வீட்டில். “எம்பிள்ளை கடைசியா என்னய்யா சொல்லுச்சு?” என்று கேட்டாள். தெரியாதுக்கா என்று சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான் வேலை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் முடியவில்லை. ஷட்டரைப் பிடித்து உலுக்கினேன் என்றான். அடுத்த தடவை ஒரு சாண் தூக்கினான். வளையல் ஐந்தாறு தடவைக்குப் பிறகு வந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அதற்கும் பின்னால்.

பிறகு அவன் வேன் நூல் மில்லுக்கு ஓட ஆரம்பித்தது, முப்பிடாதியும் அந்த மில்லில் வேலைக்குச் சேர்ந்து அதிலேயே வந்தாள். முன் சீட்டில் உட்காருவாள். வாரத்துக்கு ஒரு நாள், “சொல்லு நாயகம்,” என்பாள். பின்னால் பெண்கள் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள். முப்பதாவது தடவையில் சொல்லச் சொல்ல உள்ளங்கை எரிந்தது. குளிக்கும்போது கையைத் திருப்பித் திருப்பித் தழும்பு தேடினான்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கை வெளியே வருகிற இடத்தில் அவன் கொஞ்சம் நிறுத்துவான். நிறுத்தி, ஒரு கியர் மாற்றி, பின்னால் மூச்சுச் சத்தம் அடங்குகிறவரைக்கும் பொறுத்து, அதற்கப்புறம்தான் வளையலைச் சொல்வான். அந்த நேரம் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும், கோழிக் கதையில் வருகிற அதே சந்தோஷம். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே துப்ப வேண்டும் போல் இருந்தது.

“நாயகம்.”

முப்பிடாதி வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். கையில் தண்ணீர் பாட்டில்.

“சாப்பிட்டியா?”

“இல்லக்கா,” என்றான். “என்னால கேஸ் போச்சு.”

“உன்னால மட்டுமா? சொல்லு சொல்லுன்னு கேட்டது யாரு? அந்தத் தொப்பிக்காரப் பிள்ளை எங்க வீட்டுக்கும்தான் வந்து சொல்லிட்டுப் போச்சு, சாட்சிகிட்ட எதுவும் கேக்காதீங்கன்னு.” அவள் பாட்டில் மூடியைத் திறந்து மூடினாள். “மாரிக்கனி ஷட்டர் பக்கமே வரல. பாத்ரூம்ல கெடந்தா. தூக்கிட்டு வந்த ஃபயர் சர்வீஸ்காரர் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு.”

நாயகம் அவளைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப மொத தடவை நான் சொன்னப்பவே...”

“தெரியும்.”

“பொய்யின்னு தெரிஞ்சா இத்தனை நாளும் கேட்டீங்க?”

“நீ சொல்லுதப்ப அவ கைய ஒருத்தர் பிடிச்சிருந்தாங்கய்யா. அது வேணும்னு இருந்துச்சு எனக்கு. வாரத்துக்கு ஒரு நாள் அது கிடைச்சா மத்த நாள மில்லுல ஓட்டிருவேன்.” சோறு தின்னும் பெண்கள் பக்கம் பார்த்தாள். “என் ஒருத்தி ஆசைக்கு மத்த ஆறு பேர் கேஸையும் கெடுத்துட்டேன். சந்தனமாரியோட அப்பா அந்தா நிக்காரு. அவர் முகத்துல நான் எப்படி முழிக்க?”

ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. பிறகு அவள் அவன் பக்கம் தள்ளி உட்கார்ந்து கேட்டாள்.

“அந்த நாலு நிமிஷத்துல என்னய்யா இருக்கு? எங்கிட்டச் சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்.”

நாயகம் வாயைத் திறந்துவிட்டான். எங்கே ஆரம்பிப்பது என்பதுகூட அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அதுதான் அவனை நிறுத்தியது. இப்போது சொன்னால் அவன் அழுவான், அவளும் அழுவாள். போகட்டும் விடுய்யா என்று அவள் சொல்வாள், தோளைத் தொடக்கூடச் செய்வாள். ஒரு கதைக்கு அதைவிட நல்ல முடிவு கிடைக்காது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கை போய்விடும். மனைவியிடம் சொல்லவில்லை, குலசாமியிடம் சொல்லவில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வெட்கப்பட்டதால்தான் அது ஒன்று மட்டும் கெடாமல் கிடக்கிறது.

“சொல்ல மாட்டேன்கா,” என்றான். “சொன்னேன்னா நான் நல்லவனாயிருவேன்.”

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்துகொண்டாள். தண்ணீர் பாட்டிலை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு அவன் கூண்டில் ஏறி, “திறந்துக்கிடுங்கம்மா,” என்றான். கம்பெனி வக்கீல் ஏதோ ஆட்சேபணை சொன்னார், நீதிபதி கையைக் காட்டி உட்கார வைத்தார். ரெஜினா தொப்பியை மாட்டும்போது அவன் காதோரம் குனிந்தாள்.

“எங்க வெக்கமா இருக்கோ அங்க போங்கண்ணே. விலகி வராதீங்க.”

இந்தத் தடவை திரையில் வந்தது காலையில் வந்த மாதிரி இல்லை. நிறமே மங்கல். படம் கோணலாக இருந்தது, பாதியை வேனின் முன்கண்ணாடி ஸ்டிக்கர் மறைத்தது. அந்தப் பக்கம் ஷட்டர். அதன் அடியில் இந்த மூலையில் ஒரு பூட்டு, அந்த மூலையில் ஒரு பூட்டு. தட்டுகிற சத்தம் வந்தது. அதோடு குரலும் வந்தது. “அண்ணே... நாயகண்ணே...” பின்வாசலில் வேன் நிற்கும் என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். டிரைவர் சீட்டில் இருக்கும் ஆள் அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கை மட்டும் திரையில் தெரிந்தது. ஷட்டருக்கு மேல் புகை கிளம்பியது. உள்ளே ஏதோ ஒரு பேட்டரி வெடித்தது. வலது கை ஸ்டியரிங்கை விட்டுச் சாவிக்குப் போனது.

வேன் கிளம்பியது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வருகிறவரைக்கும் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது அவன் பார்வை. கண்ணாடிக்குள் ஷட்டர், இரண்டு பூட்டோடும், சின்னதாகிக்கொண்டே போனது. ரோட்டோர வாகை மரத்தடியில் வண்டி நின்றது. சத்தம் அங்கேயும் கேட்டது. அவன் கை ஜன்னல் பக்கம் போய், கைப்பிடியைச் சுற்றி, கண்ணாடியை மேலே ஏற்றியது. முழுசாக ஏற்றியது. சத்தம் குறைந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தான். மறுபடி கண்ணாடியை இறக்கியபோது தட்டுகிற சத்தம் இல்லை.

“வளையம் பூஜ்யம்,” என்றாள் ரெஜினா.

நீதிபதி பக்கக் கண்ணாடிப் படத்தை நிறுத்திப் பெரிதாக்கச் சொன்னார். பூட்டு இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. கம்பெனி வக்கீல் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஊர்க் கூடத்தின் ஷட்டரை இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். இசக்கியப்பன் வேகவேகமாகக் குறிப்பு எடுத்தார். கேஸ் பிழைத்துவிட்டது. நாயகம் கூண்டை விட்டு இறங்கியபோது, காலையில் அழுத பெண்களில் ஒருத்தியும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. சந்தனமாரியின் அப்பா மட்டும் பார்த்தார். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். வழிவிட்டு ஒதுங்கி நின்றார், அவ்வளவுதான்.

வந்த பெண்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்கள். நாயகம் வேனுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். வெயில் இறங்குகிற நேரத்தில் முன் கதவு திறந்தது. முப்பிடாதி ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வண்டியை எடுத்தான்.

வண்டி ஊரைத் தாண்டியது. காற்றாலைப் பக்கம் வந்தபோது அவள்தான் ஆரம்பித்தாள்.

“தொப்பியில பதிஞ்சது பதிஞ்சதுதானே? இனி சொன்னாக் கெட்டுப்போக ஒண்ணும் இல்லையே?”

“இல்லக்கா.”

“அப்ப சொல்லு. ஷட்டர ஒரு சாண் தூக்குனியே, அங்க இருந்து.”

நாயகம் வேகத்தைக் குறைத்தான். “அன்னைக்கு மூணு மணி இருக்கும்கா,” என்றான். எப்போதும் ஆரம்பிக்கிற வார்த்தைதான். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தான். ஒரு வருஷம் நாற்பத்தேழு தடவை ஓடின வாய், ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் நின்றது. கண்ணை நீர் மறைத்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, எஞ்சினை அணைத்தான்.

“விடு. நான் சொல்லுதேன்,” என்றாள் முப்பிடாதி.

“வேண்டாம்கா.”

“அன்னைக்கு மூணு மணி இருக்கும்,” என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். “வேனை நெழல்ல போட்டுட்டு நீ கண்ணசந்திருந்த. தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒரே குதி, ஒரே ஓட்டம்...” அத்தனையும் அவன் வார்த்தை. அவன் இழுக்கிற இடத்தில் இழுத்தாள், அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் அவன் கை தானாகக் கியருக்குப் போய், வண்டி நிற்கிறது என்று தெரிந்து திரும்பி வந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

“ஒரு சாண் தூக்குன,” என்றாள் அவள். அதற்கு மேல் அவன் கதை இல்லை. “ஒரு சாணோட விடல நீ. பூட்டு ரெண்டும் தெறிச்சு ஓடுச்சு. இடுப்பு மட்டும் தூக்குன, தலைக்கு மேல தூக்குன. கையப் புடிச்சு அவள வெளிய இழுத்த. அவ பின்னாலயே ஒவ்வொருத்தியா வந்தாங்க. சந்தனமாரி வந்தா. ஜெபமணி வந்தா. உச்சிமாகாளி இருமிக்கிட்டே வந்தா. பொன்ரதி வந்தா. முருகலட்சுமி ஒரு செருப்ப உள்ளயே விட்டுட்டு வந்தா. கடைசியா செய்யது பாத்துவும் வந்தா.”

அவள் திரும்பிப் பின்சீட்டுகளைப் பார்த்தாள். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியும், மாரிக்கனி வீட்டில் தினமும் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பினாள். பிறகு கையை நீட்டி, அவன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கித்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாரும் ஏறியாச்சு நாயகம்,” என்றாள். “இப்ப வண்டிய எடு.”

சாவியைத் திருப்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.